யாருக்கு எளிமை? குடாநாட்டு நுகர்வு பற்றிய ஒரு விவாதம்

அண்மைக் காலமாக எமது மேடைகளிலும் மலர்களிலும் எளிய வாழ்வு பற்றிய பேச்சு மீண்டும் செல்வாக்குப் பெற்று வருகின்றது. சுற்றாடல் தினத்தன்று மரக்கன்று நடப்படுகின்றது. ஒடியற் கூழின் மகிமை எடுத்துரைக்கப்படுகின்றது. பனையோலைப் பெட்டி ஒன்று பிரதம விருந்தினருக்கு நினைவுப் பரிசாகக் கையளிக்கப்படுகின்றது. கூட்டம் கலைந்ததும், மேசைமீது வரிசையாக நின்ற பிளாஸ்ரிக் தண்ணீர்ப் போத்தல்கள், பாதி குடிக்கப்பட்டவையும் மூடி திறக்கப்படாதவையுமாக, ஒருங்கே குப்பைப் பைக்குள் செல்கின்றன. இம்முரண்பாட்டைச் சுட்டி நகைப்பது எளிது. ஆயின் அதன் பின்னால் ஒரு கருத்துநிலை இருக்கின்றது. அக்கருத்துநிலையை எதிர்கொள்ளாது எளிமை பற்றி எத்தனை மலர்களில் எழுதினாலும் பயனில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அது இரண்டு நம்பிக்கைகளின் மீது நிற்கின்றது. எளிமை எமது முன்னோர் அனைவருக்கும் பொதுவாயிருந்த பண்பு, பிற்கால நாகரிகம் வந்து அதனைக் கெடுத்துவிட்டது என்பது ஒன்று. ஒருவர் தமது பணத்தில் எதனை, எவ்வளவு வாங்குகின்றார் என்பது அவரது சொந்த விடயம் என்பது மற்றையது. முதலாவதை நம்புபவர் மேடையிற் பேசுகின்றார். இரண்டாவதை நம்புபவர் கடைக்குச் செல்கின்றார். இருவரும் பெரும்பாலும் ஒருவரே ஆதலின் முரண்பாடு எவரையும் உறுத்துவதில்லை. முதலாம் நம்பிக்கையை எமது சமூக வரலாறு மறுக்கின்றது. இரண்டாவதை எமது காலடியிற் கிடக்கும் சுண்ணாம்புக்கல் மறுக்கின்றது.

பழைய யாழ்ப்பாணத்தின் எளிமையைப் போற்றுவோர் பனையோலை வேய்ந்த வீட்டையும், சாணம் மெழுகிய திண்ணையையும், கிடுகு வேலியையும் காட்டுவர். அவ்வீட்டில் வாழ்ந்தவர் விரும்பி வாழ்ந்தாரா, ஓடு போடுவதற்கு உரிமையின்றி வாழ்ந்தாரா என்று அவர்கள் கேட்பதில்லை. தாழ்த்தப்பட்ட மக்களின் பெண்கள் மேலாடை அணிவதும், ஆண்கள் தோளிற் சால்வை இடுவதும், குடை பிடிப்பதும், செருப்பணிவதும், ஓட்டு வீடு கட்டுவதும், பிறர் பாவிக்கும் கிணற்றில் தாமே நீர் அள்ளுவதும் இந்நாட்டில் இருபதாம் நூற்றாண்டிலும் தடுக்கப்பட்டிருந்தன. கிணற்றடியில் காத்து நின்று, யாரேனும் இரங்கி வார்த்த நீரை ஏந்திச் சென்றவர்களின் குறைந்த நீர்ப் பாவனையை நாம் சிக்கனம் என்று புகழப் போகின்றோமா? 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டமும், 1966 ஒக்டோபரில் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலத்தோடு எழுச்சி பெற்ற ஆலயப் பிரவேச, தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் வரும்வரை, எளிமை என்பது பலருக்கு விதிக்கப்பட்ட தண்டனையாகவே இருந்தது. அவர்களுள் ஒருவர் முதன்முதலாக வாங்கிய சேட்டும், செருப்பும், துவிச்சக்கரவண்டியும், வானொலிப் பெட்டியும் விடுதலையின் சின்னங்கள். அவற்றை நுகர்வு மோகம் என்னும் ஒரே கூடைக்குள் எறிபவர் நுகர்வையும் அறியார், எமது சமூகத்தையும் அறியார்.

இதனாற் பழமையில் எமக்குப் பயன்படத்தக்கது எதுவுமில்லை என்று கொள்ளலாகாது. தேட வேண்டிய இடத்தில் தேட வேண்டும். 1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரில் ஓர் அமைப்புத் தோன்றியது. பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. ஹன்டி பேரின்பநாயகம் முதலியோர் அதன் முன்னணியில் நின்றனர். 1927 நவம்பரில் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தது இவ்வமைப்பின் அழைப்பின் பேரிலேயாகும். கதர் நிதிக்குப் பணம் திரட்டப்பட்டது. மேற்கத்தைய உடையைக் கைவிட்டுத் தேசிய உடை அணிதல், உள்ளூர்ப் பொருள்களை ஆதரித்தல், மதுவொழிப்பு ஆகியன அவ்விளைஞர்களின் வேலைத்திட்டத்தில் இடம்பெற்றன. இவ்வளவோடு நின்றிருப்பின் அதுவும் ஒரு மேடை அலங்காரமாகவே முடிந்திருக்கும். அவர்கள் அதே மூச்சில் தீண்டாமையை எதிர்த்தனர். சமபந்திப் போசனத்தை வலியுறுத்தினர். பாடசாலைகளிற் சகல பிள்ளைகளும் ஒரே ஆசனத்தில் அமர வேண்டும் என்று கேட்டனர். ஆங்கிலக் கல்வியும் உத்தியோக வாய்ப்பும் பெற்றிருந்தவர்கள், தமக்குக் கைக்கெட்டியிருந்த கோட்டையும் கழுத்துப்பட்டியையும் தாமே மறுத்தனர். மற்றவர்களுக்கு மறுக்கப்பட்டதை வழங்குமாறு போராடினர். மறுத்தலும் வழங்குதலும் இணைந்திருந்தமையே அவ்வியக்கத்தின் சிறப்பு. 1931ஆம் ஆண்டின் தேர்தற் பகிஷ்கரிப்பை மட்டும் நினைவிற் கொண்டு, இவ்வன்றாட ஒழுக்கப் பக்கத்தை அரசியல் வரலாற்றாசிரியர் ஓர் அடிக்குறிப்போடு கடந்துவிடுவது வருந்தத்தக்கது.

அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, ஆனந்த குமாரசுவாமி இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை நிறுவி, ஐரோப்பியப் பழக்கவழக்கங்களைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைக் கண்டித்தமை பலரும் அறிந்ததே. குமாரசுவாமியின் கண்டனம் அழகியல் சார்ந்தது. வாலிபர் காங்கிரசின் கண்டனம் அரசியல் சார்ந்தது. எமக்கு இன்று வேண்டியது இவ்விரண்டோடு மண்ணையும் நீரையும் சேர்த்துக் கொண்ட ஒரு கண்டனமாகும்.

மண்ணுக்கும் நீருக்கும் வருமுன், இடையில் ஒரு காலப்பகுதியை நேர்மையோடு கையாள வேண்டியிருக்கின்றது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர் குடாநாடு பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், மின்கலம், சீமெந்து, பசளை எனத் தடைப்பட்டியல் நீண்டது. மக்கள் சும்மா இருக்கவில்லை. ஜாம் போத்தலில் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு விளக்கேற்றினர். அவ்விளக்கிற் படித்தே ஒரு தலைமுறை பரீட்சை எழுதியது. சில துளி பெற்றோலால் இயக்கித் தொடங்கி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளை ஓட்டினர். துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். சவர்க்காரம் அருகியபோது பனம்பழக் களியால் ஆடை தோய்த்தனர். சீனி கிடைக்காதபோது பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் அருந்தினர். நோயாளியையும், நெல் மூடையையும், பிணத்தையுங்கூடத் துவிச்சக்கரவண்டியே சுமந்தது.

இவற்றை இன்று பெருமையோடு நினைவுகூர்வோர் தொகை பெருகி வருகின்றது. அக்காலத்தை ஒரு பசுமையான பரிசோதனைச்சாலையாக வருணிக்கும் கட்டுரைகளையும் காண்கின்றோம். இத்தகைய வருணனை அருவருக்கத்தக்கது. மருந்தின்றி இறந்தவர்களையும், கவிழ்ந்த விளக்கால் வெந்தவர்களையும், பால்மா கிடைக்காத குழந்தைகளையும் நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் காட்டும் படம் அது. தடை என்பது ஒரு மக்கட் கூட்டத்தின் மீது தொடுக்கப்பட்ட போர்முறை. அதனை எளிமைக்கு உதாரணமாக எடுத்துக் கொள்வது பட்டினியை விரதம் என்பதற்கு ஒப்பாகும். எனினும் அவ்வாண்டுகள் எமக்கு ஓர் அறிவைத் தந்து சென்றன என்பதையும் மறுத்தல் இயலாது. எது இல்லாமல் உயிர் வாழ முடியாது, எது இல்லாமல் வாழ முடியும், எது இல்லாதபோது வாழ்வு சற்றும் குறைவதில்லை என்னும் மூவகைப் பிரிவினைத் தமது உடம்பிலேயே அறிந்து கொண்ட சமூகங்கள் உலகிற் சிலவே. அவ்வறிவை விலை கொடுத்துப் பெற்றோம். பெற்றதை எங்கே வைத்தோம்?

2002இல் கண்டி வீதி திறக்கப்பட்டபோதும், 2006இல் மூடப்பட்டுப் போர் முடிந்த பின்னர் மீண்டும் திறக்கப்பட்டபோதும் பொருள்கள் வெள்ளம்போல் வந்தன. வந்ததிற் குற்றமில்லை. வீடிழந்தவருக்குச் சீமெந்தும் தகரமும் தேவை. தொழிலிழந்தவருக்கு வலையும் இயந்திரமும் தேவை. ஆயின் பொருள்களோடு நிதி நிறுவனங்களும் வந்தன. கையிற் பணமில்லாதவரும் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் தளபாடமும் எடுத்துச் செல்லலாம், மாதந்தோறும் செலுத்தினாற் போதும் என்றனர். நுண்கடன் பெற்ற பெண்கள் வாராந்தத் தவணைக்காக வேறொரு கடன் எடுத்த கதைகள் ஊர்தோறும் உண்டு. 2018இல் அரசாங்கம் அத்தகைய சிறு கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது.

இவ்விடத்தில் எமக்கு எதிரே வைக்கப்படும் வாதத்தை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொள்ளலாம். "நாங்கள் பட்டது போதாதா? முப்பது வருடம் ஒன்றுமில்லாமல் இருந்தோம். இப்பொழுதாவது பிள்ளைகள் அனுபவிக்கட்டுமே. அமெரிக்கர் ஒருவர் ஒரு நாளில் எரிப்பதை நாங்கள் எத்தனை நாளில் எரிக்கின்றோம்?" இதனைக் கேட்பவர் பொய் சொல்லவில்லை. உலகின் வெப்பநிலை உயர்வதற்கு யாழ்ப்பாணத்துக் குசினி பொறுப்பன்று. ஆனால் இவ்வாதத்தை உரத்துச் சொல்பவர் யார் என்று நோக்கின் ஓருண்மை புலப்படும். அதிகம் துன்புற்றவரும் இன்று அதிகம் நுகர்பவரும் ஒரே ஆட்களல்லர். முகாமிலிருந்து மீண்டு வந்து ஒரு கோழிக்கூடும் நாலு பனையும் வைத்துக் குடும்பம் நடத்தும் பெண்ணின் துன்பத்தை, வெளிநாட்டுப் பணத்தில் எழுந்து ஆண்டில் பதினொரு மாதமும் பூட்டிக்கிடக்கும் இரண்டுமாடி வீட்டுக்கு நியாயமாகக் காட்டுகின்றோம். பூப்புனித நீராட்டு விழாவுக்கு மண்டபமும், நாலு வகை உடையும், ஒளிப்பதிவும், ஆயிரம் பேருக்கு மூன்று வகை இனிப்பும் ஏன் என்று கேட்டாலும், "பட்டது போதாதா" என்னும் அதே பதில் வருகின்றது. பட்டவர் பந்தியில் இல்லை. அவர் பின்புறத்திற் பாத்திரம் கழுவிக் கொண்டிருக்கின்றார்.

இனி, ஒருவரது நுகர்வு அவரது சொந்த விடயம் என்னும் இரண்டாம் நம்பிக்கைக்கு வருவோம். மலைநாட்டிலோ பேராற்றுப் படுக்கையிலோ வாழ்பவர் அவ்வாறு கூறினால் ஓரளவு சகித்துக் கொள்ளலாம். அவர் எறிவது ஆற்றோடு எங்கோ செல்லும் (அங்கும் யாரோ இருக்கின்றனர் என்பது வேறு விடயம்). குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் ஓடும் வழுக்கையாறு ஒன்றே ஆறென்று சொல்லத்தக்கது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில், பெய்கின்றது. அம்மழையின் ஒரு பகுதி வெடிப்பும் துவாரமும் நிறைந்த மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லினுள் இறங்கித் தங்குகின்றது. எமது கிணறுகள் அனைத்தும் அந்த ஒரே சேமிப்பில் அமிழ்த்தப்பட்ட அகப்பைகள் போன்றவை.

அச்சேமிப்புக்கு அடியிற் பாறைத் தளம் இல்லை, கடல் இருக்கின்றது. நன்னீர் கடல்நீரிலும் அடர்த்தி குறைந்ததாதலின் அதன்மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி உயரத்துக்கு நன்னீர் நிற்குமாயின் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கைபன், ஹேர்ஸ்பேர்க் என்னும் இருவரும் தனித்தனியே கண்ட விதி. இதன் மறுபக்கமே எமக்கு முக்கியமானது. மேலே ஓரடி நீரை நிரந்தரமாக இறக்கிவிட்டால் கீழே உவர்நீர் நாற்பது அடி மேலெழுவதற்கு இடம் கொடுக்கின்றோம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேற்பகுதி நன்னீராகவும் அடிப்பகுதி உவர்நீராகவும் இருப்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சுற்றுலா சென்று பார்த்து வருகின்றனர். அவர்கள் அதிசயம் என்று கருதிப் பார்ப்பது உண்மையிற் குடாநாடு முழுவதன் குறுக்குவெட்டு முகமாகும்.

துலாவில் நீர் இறைத்த காலத்தில் இவ்வில்லைக்கு ஒரு காவல் இருந்தது. மனிதனின் களைப்பே அக்காவல். ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திக்குத் தண்ணீர் மாற, காலை முழுதும் உழைத்தாலும் இறைக்கத்தக்க நீருக்கு ஓர் எல்லை இருந்தது. 1950களிலிருந்து பரவிய நீரிறைக்கும் இயந்திரம் அவ்வெல்லையை நீக்கிற்று. துலா மிதித்தவரின் முதுகுக்கு அது விடுதலை; அதனை நான் பழிக்கப் போவதில்லை. பழிக்கத்தக்கது, களைப்பு என்னும் பழைய காவல் போன பின்பு அதனிடத்தில் வேறெந்தக் காவலையும் நாம் வைக்கவில்லை என்பதே. வீட்டுக் கூரையில் நீர்த்தாங்கி, அதனை நிரப்ப மின்மோட்டார், தாங்கி நிரம்பி வழியும்வரை யாரும் எழுந்து சென்று நிறுத்துவதில்லை. ஒரு வாளி நீரை அள்ளிக் குளித்தவரின் பேரன் வாகனம் கழுவுவதற்கு எவ்வளவு நீர் விடுகின்றான் என்பதை அவன் அறியான். அள்ளிய கைக்குத் தெரிந்த கணக்கு ஆளிக்குத் தெரியாது.

எடுப்பது மட்டுமன்றி இடுவதும் அவ்வில்லைக்குள்ளேயே செல்கின்றது. 1980களிலிருந்து நடைபெற்ற ஆய்வுகள், செறிவான வெங்காய, மிளகாய், புகையிலைச் செய்கை நடைபெறும் இடங்களிற் கிணற்று நீரின் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டியிருப்பதை மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. அவ்வளவு நைத்திரேற்றுக் கலந்த நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தாற் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். காணி துண்டாடப்பட்டு இரண்டு பரப்பில் வீடும், மலகூடக் குழியும், கிணறும் அருகருகே அமைகின்றன. வேலி போய் மதில் வந்தது. மண்முற்றம் போய்ச் சீமெந்தும் இன்ரலொக் கல்லும் வந்தன. முற்றம் கூட்டும் சிரமம் நீங்கிற்று என்று மகிழ்கின்றோம். மழைநீர் நிலத்தினுள் இறங்கும் வழியை எமது செலவிலேயே அடைத்துவிட்டு, அது வீதிக்கு ஓடி வெள்ளமாகும்போது மாநகரசபையைத் திட்டுகின்றோம். ஊர்க் குளங்களையும் கேணிகளையும் தூர்த்துக் கட்டடம் எழுப்பியதைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர், மீண்டும் கூறவில்லை.

ஆகவே குடாநாட்டில் ஒருவர் வாங்குவதும், பாவிப்பதும், எறிவதும் அயலவரின் குவளைக்குள் முடிகின்றன. நுகர்வு தனியுரிமை என்னும் கோட்பாடு இம்மண்ணில் நிற்க இடமில்லை. சிலருக்கு இவ்வாறு கூறுவது மிகையாகத் தோன்றலாம். சுன்னாகத்து மக்களைக் கேட்டுப் பார்க்கலாம்.

சுன்னாகத்தை முன்வைத்தே ஓர் ஆட்சேபம் எழும். அங்கு கிணறுகளிற் கழிவெண்ணெய் மிதந்தமைக்கு வீட்டுக்காரரின் நுகர்வா காரணம், மின் உற்பத்தி நிறுவனமல்லவா என்று கேட்பர். கேள்வி நியாயமானது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் அப்பகுதி மக்கள் நடத்திய போராட்டமும், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தனியார் மின் நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு இட்ட கட்டளையும், பெருங்குற்றத்தைத் தனிமனித ஒழுக்கத்தின் தலையிற் சுமத்தலாகாது என்பதற்குச் சான்றுகள். நிறுவனத்தை விட்டுவிட்டு நெகிழிப் பையை மட்டும் பேசுவது கோழைத்தனம். ஆனால் நிறுவனத்தை மட்டும் பேசி எமது கையைக் கழுவிக் கொள்வதும் அதன் இரட்டைப் பிள்ளையே. கிணற்றடிக்கு வந்து போராடியவர் பெரும்பாலும் அக்கிணற்றை நாள்தோறும் அள்ளிப் பயன்படுத்தியவர்கள். போத்தல் நீருக்கு மாற வசதியுள்ளவர் மாறிக்கொண்டார், போராட்டத்திலிருந்தும் விலகிக்கொண்டார். பணத்தால் தனிவழி தேடும் நுகர்வு, பொதுப்பொருளுக்காகக் குரல் கொடுக்கும் ஆட்களின் தொகையைக் குறைக்கின்றது. எனது நோக்கில் அதன் ஆகப்பெரிய தீமை இதுவேயாகும்.

தொழில்நுட்பம் காப்பாற்றும் என்போர் தாளையடியைக் காட்டுவர். நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீரை வழங்கத்தக்க கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் அங்கு திறந்து வைக்கப்பட்டது. குடிநீரின்றி வாடும் தீவகத்துக்கும் கரையோரக் கிராமங்களுக்கும் குழாய் நீர் செல்வதை எவரும் எதிர்க்க மாட்டார். ஆயின் அத்திட்டம் ஏன் வந்தது என்பதை மறந்துவிடலாகாது. முதலில் இரணைமடுக் குளத்து நீரையே குடாநாட்டுக்குக் கொண்டுவர எண்ணினர். கிளிநொச்சி விவசாயிகள், எங்கள் வயலுக்கே நீர் போதாதபோது உங்கள் குழாய்க்கு எங்கிருந்து தருவது என்று மறுத்தனர். தனது கிணற்றைப் பேண இயலாத யாழ்ப்பாணம், வன்னியின் குளத்தை நோக்கிக் கை நீட்டியது. அக்கை மறுக்கப்பட்டபோது கடலை நோக்கிற்று. கடல்நீரைக் குடிநீராக்க ஒவ்வொரு கனமீற்றருக்கும் மூன்று நான்கு அலகு மின்சாரம் வேண்டும். அம்மின்சாரத்தில் ஒரு பங்கு நுரைச்சோலையில் எரியும் இறக்குமதி நிலக்கரியிலிருந்து வருகின்றது. நிலக்கரி எரித்துப் பெற்ற நீரில் முற்றத்துக் கல்லைக் கழுவும் நிலைக்கு வந்திருக்கின்றோம்.

உணவைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது குடாநாட்டின் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. கமக்காரர் கல்வீடு கட்டினர், பிள்ளைகளைப் படிப்பித்தனர். அதே கட்டுப்பாட்டில் நகரத்துத் தொழிலாளி பாணுக்கு வரிசையில் நின்றார் என்பதையும் சேர்த்தே கூற வேண்டும். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் சந்தைக்கு வந்தன. தோட்டக்காரரின் கை ஓய்ந்தது. அதாவது கடையில் எதை வாங்குவது என்னும் கேள்வியும், அயற் தோட்டத்தில் எவர் பிழைப்பது என்னும் கேள்வியும் வேறுவேறல்ல.

பனையைப் பற்றிப் பேசும்போதும் இதே கணக்கு வேண்டும். பனை அபிவிருத்திச் சபை 1978இல் நிறுவப்பட்டது. அதற்குப் பின்னும் பனங்கட்டிக் குட்டான் வீட்டுப் பொருளாக இல்லாது நினைவுப் பொருளாகவே விற்பனையாகின்றது. விலை அதிகம் என்கின்றோம். ஒரு நாளில் இருமுறை பத்துப் பதினைந்து மரம் ஏறி இறங்குபவரின் உழைப்புக்கும், பதநீரைக் காய்ச்சும் பெண்ணின் உழைப்புக்கும் உரிய கூலி சேர்ந்தால் விலை அதிகமாகத்தான் இருக்கும். சீவல் தொழிலாளரைச் சாதியின் பெயரால் தள்ளிவைத்து, அவர்களின் பிள்ளைகள் அத்தொழிலை விட்டு நீங்கிய பின்னர், "பனையேற ஆளில்லை" என்று குறைகூறும் உரிமை எமக்கு ஏது? எளிய வாழ்வு மலிவான வாழ்வு என்னும் எண்ணம் தவறானது. உள்ளூர்ப் பொருளை அதன் உண்மை விலைக்கு வாங்கினால், மாதச் செலவு சில வேளை கூடும். வாங்கும் பொருள்களின் எண்ணிக்கை குறையும். தஞ்சாவூரிற் பிறந்து காந்தியடிகளின் கிராமக் கைத்தொழில் இயக்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா, நிலைத்த பொருளியல் பற்றி 1940களில் எழுதியபோது வற்புறுத்தியதும் இத்தகைய கணக்கையே. பொருளின் விலைச்சீட்டில் எழுதப்படாத கடமையும் வாங்குபவரின் பொறுப்பு என்பது அவர் நிலைப்பாடு.

சட்டம் தன்னளவில் என்ன செய்யும் என்பதற்கு அண்மைய உதாரணம் உண்டு. 2017 செப்டெம்பர் 1 முதல் லஞ்ச் சீற்றும் றெஜிபோம் பெட்டியும் நாடு முழுதும் தடை செய்யப்பட்டன. 2023 ஒக்டோபரில் பிளாஸ்ரிக் உறிஞ்சு குழாய், கரண்டி, மாலை ஆகியவற்றோடு பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் தடைப்பட்டியலிற் சேர்ந்தது. இடியப்பத் தட்டு! ஓலையிலும் ஈர்க்கிலும் பிரம்பிலும் எமது பெண்கள் பின்னி வந்த பொருள் பிளாஸ்ரிக்காக மாறியதை நாம் கவனிக்கவில்லை. கொழும்பிலிருந்து வர்த்தமானி வந்து நினைவூட்ட வேண்டியிருந்தது. வாழையிலையும் தட்டுவமும் வளவில் இருக்கச் சோற்றுப் பொட்டலத்தைப் பொலித்தீனிற் சுற்றும் பழக்கம் வர்த்தமானியால் மட்டும் மாறாது என்பதை எந்த மதிய வேளையிலும் எந்தக் கடையிலும் காணலாம்.

2022 இன்னொரு வாய்ப்பாக வந்தது. எரிபொருள் இன்றி நாடு நின்றபோது, வாகனத் தரிப்பிடங்கள் வெறுமையாகி, பழைய துவிச்சக்கரவண்டிகள் கொட்டிலுக்குள் இருந்து வெளிவந்தன. விரிவுரையாளரும் வங்கி முகாமையாளரும் மிதித்துச் சென்றனர். அதனால் எவரது மதிப்பும் குறைந்ததாகத் தெரியவில்லை. மட்டமான நிலம், குறுகிய தூரம், நிழல் தரும் ஒழுங்கைகள் என்று துவிச்சக்கரவண்டிக்காகவே அமைந்தது போன்ற நாடு இது. பெற்றோல் வந்ததும் வண்டிகள் மீண்டும் கொட்டிலுக்குட் சென்றன. தடைக்காலத்திலும் இதுவே நடந்தது. நிர்ப்பந்தத்தில் ஏற்கும் ஒழுக்கத்தை நிர்ப்பந்தம் நீங்கியதும் கைவிடுவது, அவ்வொழுக்கத்தை இல்லாமையின் அடையாளமாகவே இன்னும் கருதுகின்றோம் என்பதைக் காட்டுகின்றது. அக்கருத்தை உடைக்க வல்லவர் இல்லாதவரல்லர். வாகனம் வாங்க வசதியிருந்தும் மிதிவண்டியில் வருபவரே அதனை உடைக்க முடியும். ஆதலால் எளிமை முதலில் மாதச் சம்பளம் பெறும் எம்மிடமிருந்து, பல்கலைக்கழகத்தில் இருந்தே, தொடங்க வேண்டும்; தோட்டத் தொழிலாளிக்கும் மீனவருக்கும் அதனைப் போதிக்கும் கருத்தரங்குகளைச் சில ஆண்டுகளுக்கு நிறுத்தி வைக்கலாம்.

எமது விழாக்களைப் பார்ப்போம். நாலு மணி நேர நிகழ்ச்சிக்கு இருபதடிப் பிளாஸ்ரிக் பதாகை. ஒவ்வொரு பேச்சாளருக்கும் அவர் ஒருபோதும் போர்த்தப் போகாத பொன்னாடை. பெட்டியில் அடைத்த சிற்றுண்டி. செலவு மாணவரின் சந்தாவிலிருந்தும் கடைகளின் விளம்பரத்திலிருந்தும் வருகின்றது. விளம்பரம் தந்தவர் எதை விற்கின்றார் என்று நாம் கேட்பதில்லை. மண்பானையில் நீர் வைத்துச் செம்பும் குவளையும் வைத்தால் விருந்தினர் கோபிப்பார் என்று அஞ்சுகின்றோம். கோபிக்கும் விருந்தினரை அழைக்காது விடுவதும் ஒரு சீர்திருத்தமே.

இவையெல்லாம் சிறு விடயங்கள் என்பர். ஆம், சிறியவையே, சிறியவை என்பதனால் இன்றே செய்யத்தக்கவை. சற்றுப் பெரியது ஒன்றும் உண்டு. பல்கலைக்கழகம் அமைந்துள்ள திருநெல்வேலிச் செம்மண்ணின் கீழும் அதே சுண்ணாம்புக்கல், அதே வில்லை. விடுதிகளிலும் ஆய்வுகூடங்களிலும் நாம் நாள்தோறும் எவ்வளவு நீர் எடுக்கின்றோம், எவ்வளவு கழிவை இறக்குகின்றோம், கூரையில் விழும் மழையில் எவ்வளவை மண்ணுக்குத் திருப்புகின்றோம் என்னும் கணக்கு ஒவ்வொரு மாணவரின் கண்ணிலும் படும் இடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மாரி முடிந்து தைமாதத்தில் ஒருமுறை, வரட்சியின் முடிவில் ஆவணியில் ஒருமுறை, அயற் கிராமங்களின் கிணறுகளிலும் எமது கிணறுகளிலும் நீர்மட்டம், குளோரைட்டு, நைத்திரேற்று மூன்றையும் அளந்து பதிவதற்குப் பெருநிதி தேவையில்லை. இரசாயனவியல் மாணவர் சிலரும், புவியியல் மாணவர் சிலரும், வீடுவீடாகச் சென்று முடிவை விளங்கத்தக்க தமிழில் எடுத்துக்கூறத் தமிழ்ச் சங்கத்தார் சிலரும், ஆளுக்கொரு துவிச்சக்கரவண்டியும் போதும்.